டெல்டா: கதவா, முக்கோணமா, காவிரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது "டெல்டா" என்ற சொல் காதில் விழும். ஒருவர் "டெல்டா விழலைங்க" என்று ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார், பக்கத்தில் டீ குடிப்பவர் பேப்பரைப் புரட்டியபடி "டெல்டாவுக்குத் தண்ணி தொறந்தாச்சா" என்பார், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகள் கணக்கு நோட்டில் குட்டியாக ஒரு முக்கோணம் போட்டு அதுவும் டெல்டா என்பாள். எல்லாம் ஒரே சொல்தானா என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

டெல்டா எந்த மொழிச் சொல்?

ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த கிரேக்கச் சொல். கிரேக்க நெடுங்கணக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமாவுக்கு அடுத்த நான்காவது எழுத்தின் பெயர். பெரிய எழுத்தாக எழுதினால் சரியான முக்கோணம், சின்ன எழுத்தாக எழுதினால் தலையில் வால் வைத்த சுழி. ஆங்கிலத்தின் 'டி' எழுத்தும் இந்த முக்கோணத்தின் வழிவந்ததுதான், ஒரு பக்கம் வளைந்து தொப்பை போட்டுவிட்டது, அவ்வளவே.

அந்தப் பெயருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

கிரேக்க மொழியில் தேடினால் கிடைக்காது. கிரேக்கர்கள் எழுத்தைக் கடன் வாங்கியது பினீசியர்களிடம். இன்றைய லெபனான் கரையில் இருந்துகொண்டு கடல் வணிகம் செய்தவர்கள் அவர்கள். அவர்கள் இந்த எழுத்தை 'டாலெத்' என்றார்கள், அதற்குக் கதவு என்று பொருள். முதல் எழுத்து 'ஆலெஃப்' என்றால் மாடு, இரண்டாவது 'பெத்' என்றால் வீடு. மாடு, வீடு, கதவு என்று சொல்லிக்கொண்டே போனால் நம்மூர் அணில், ஆடு, இலை மாதிரியே இருக்கிறது. கிரேக்கர்கள் வாங்கும்போது தங்கள் வாய்க்கு வசதியாகக் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்துக்கொண்டார்கள், பெயர் தங்கிவிட்டது, பொருள் கழன்றுவிட்டது. எபிரேயத்தில் கதவுக்கு இன்றும் 'டெலெத்' என்றுதான் சொல்கிறார்கள்.

அரபியில் இதே எழுத்துதான் 'தால்'. பரங்கிப்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ மதரசாவுக்குப் போன பிள்ளைகளுக்கு டெல்டாவின் பங்காளியை ஏற்கெனவே தெரியும். இன்னொன்று, அரபி எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு, ஆட்டோவிலும் கடைப் பலகையிலும் நாம் பார்க்கும் 786 அப்படி எழுத்துக்களைக் கூட்டி வந்த எண்தான். அந்தக் கணக்கில் தாலுக்கு மதிப்பு 4. கிரேக்கர்களும் எழுத்தையே எண்ணாக எழுதினார்கள், அதில் டெல்டாவும் 4. பழைய தமிழ் எண்களில் நான்கு எப்படி 'ச' போல இருக்கிறதோ அந்த மாதிரி.

அப்புறம் ஏன் இத்தனை இடத்தில் இந்தப் பெயர்?

இதற்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். எந்த டெல்டாவைப் பார்த்தாலும் வடிவமா, வரிசையா, முதலெழுத்தா என்று கேளுங்கள். முக்கோண வடிவத்தால் வந்த பெயர், நான்காவது என்பதால் வந்த பெயர், 'டி' ஓசையில் தொடங்குவதால் வந்த பெயர். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

ஆற்றுக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது?

வடிவம். எகிப்தில் நைல் நதி கெய்ரோவுக்குக் கொஞ்சம் வடக்கே கிளை பிரிந்து, விரிந்து, மத்தியதரைக் கடலில் விழுகிறது. நடுவில் உள்ள வண்டல் நிலம் முக்கோணம். கிரேக்கர்கள் அதை டெல்டா என்றார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியபோதே அது புழக்கத்தில் இருந்த பெயர்தான், அவர் புதிதாக வைத்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைய மேப்பை எடுத்து நைலைப் பார்த்தால் முக்கோணம் தலைகீழாக இருக்கும், கூர்முனை கீழே, கடல் மேலே. எழுத்தோ கூர்முனை மேலே உள்ளது. நான் முதலில் கிரேக்கர்கள் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வடக்கை மேலே வைத்து மேப் போடுவது பிற்காலப் பழக்கம். கிரேக்கர்கள் கப்பலில் வடக்கிலிருந்து வந்து தெற்கே பார்த்து நின்றவர்கள், அப்படி நின்றால் அடிக்கோடு காலடியில் கடற்கரையாகவும் கூர்முனை தூரத்திலும் இருக்கும், எழுத்து நேராகத்தான் தெரியும்.

அலெக்சாண்டர் படையோடு சிந்து நதி வரை வந்த கதையை எழுதிய அர்ரியன், எகிப்தில் இருப்பது போலவே சிந்துவும் ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது, அதை இந்தியர்கள் பட்டலா என்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார். ஒரு இடத்தின் பெயர் மெல்லப் பொதுப்பெயராக மாறுவதை அங்கேயே பார்க்கலாம். ஆனாலும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் டெல்டா என்றால் நைல்தான். மற்ற ஆறுகளுக்கும் தாராளமாகச் சொல்ல ஆரம்பித்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித்தான்.

காவிரி டெல்டாவும் முக்கோணமா?

ஆமாம், படுத்துக்கொண்டிருக்கும் முக்கோணம். எழுத்தை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். கூர்முனை திருச்சிப் பக்கம், முக்கொம்பு கல்லணை இருக்கும் இடத்தில். மேல் பக்கம் கொள்ளிடம். அடிக்கோடு கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் ஓடும் கடற்கரை. பஸ்ஸில் போகும்போது இது தெரியாது, மேப்பில் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்தால் மறக்காது.

கடலூர் டெல்டாவில் சேர்த்தியா?

டீக்கடையில் இதை எடுத்தால் பொழுது போய்விடும். நான் கடை வைத்திருக்கும் கடலூர் நகரம் காவிரி டெல்டாவில் இல்லை. எங்களுக்குக் கெடிலமும் தென்பெண்ணையும்தான். ஆனால் மாவட்டத்தின் தென்பகுதி டெல்டாவேதான். கொள்ளிடத்தில் அணைக்கரையில் பிரியும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் வயலுக்குப் பாய்கிறது. 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களைச் சேர்த்தார்கள்: காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், குமராட்சி, மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை. அதே போல, புதுச்சேரி நகரம் டெல்டா கிடையாது, அதே அரசின் கீழ் இருக்கும் காரைக்கால் டெல்டா.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் டெல்டா என்று சொல்லும்போது யாரும் முக்கோணத்தை நினைப்பதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை, சம்பா, தாளடி, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா, இதுதான் டெல்டா. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், சிதம்பரத்துக்குத் தெற்கே நிலம் வைத்திருப்பவர், "நாங்க டெல்டாக்காரங்க, எங்களுக்கு ஆத்துத் தண்ணி" என்று பெருமையாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டு போர் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் இருக்கும் டெல்டா என்ன? அதுவும் ஆறா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆறு இல்லை, நேரே எழுத்தின் வடிவம்.

த்ரீ ஃபேஸ் மோட்டாருக்குள் மூன்று செட் காயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால், ஆக மொத்தம் ஆறு முனை வெளியே வரும். மூன்று வாலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, மூன்று தலைக்கும் கரண்ட் கொடுத்தால் அது ஸ்டார், படம் போட்டால் மூன்று கால் நட்சத்திரம். முதல் காயிலின் வாலை இரண்டாவதின் தலையோடும், இரண்டாவதின் வாலை மூன்றாவதின் தலையோடும், மூன்றாவதின் வாலைத் திரும்ப முதலாவதின் தலையோடும் சேர்த்தால் மூடிய முக்கோணம், அதுதான் டெல்டா.

எதற்கு இரண்டு? பெரிய மோட்டாரை நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக டெல்டாவில் கிளப்பினால் கரண்டை வாரி இழுக்கும், லைன் வோல்டேஜ் தொங்கும், பக்கத்துக் கொட்டகை மோட்டார் முனகும். ஸ்டாரில் கிளப்பினால் 415 வோல்ட் லைனில் ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட்தான் கிடைக்கும், லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சில வினாடியில் வேகம் பிடித்ததும் டைமர் ஸ்டாரைக் கழற்றிவிட்டு டெல்டாவுக்கு மாற்றும். அந்த 'டொக்' சத்தத்தைத்தான் நம்மாட்கள் "டெல்டா விழுது" என்பது. விழவில்லை என்றால் மோட்டார் ஸ்டாரிலேயே ஓடும், இழுவை சக்தியும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், தண்ணீர்ச் சுமையைத் தள்ள முடியாமல் சூடேறிக் கருகும். ஓடுதே என்று விட்டுவிட்டு வெளியூர் போனவர்களால்தான் என் கடை ஓடுகிறது.

தொழில் கற்ற புதிதில் ஒரு பத்து எச்பி மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்து, ஆறு முனைக்கும் கலர் டேப் சுற்றினேன். ஒரு காயிலுக்கு மட்டும் தலையையும் வாலையும் மாற்றிச் சுற்றிவிட்டேன். டெல்டாவில் சேர்த்து ஸ்விட்சைப் போட்டதும் மாடு கத்துவது போல ஒரு உறுமல், அடுத்த நொடி ஃபியூஸ் போச்சு, வார்னிஷ் வாடை மட்டும் மிச்சம். முதலாளி திட்டவில்லை. காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பிரித்துக் கட்டினேன்.

கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப் பலகையில் 'டிஒய்என் 11' என்று போட்டிருப்பார்கள். முதலில் வரும் 'டி' இதே டெல்டா, 11,000 வோல்ட் பக்கம் முக்கோணமாகக் கட்டியிருக்கிறது என்று பொருள்.

பாசனப் பொறியாளர்கள் "டெல்டா எவ்வளவு" என்கிறார்களே?

டிப்ளமா சிவில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டது. பாசனப் பாடத்தில் டெல்டா என்றால் ஒரு பயிருக்கு விதைத்ததிலிருந்து அறுப்பு வரை கொடுக்க வேண்டிய மொத்தத் தண்ணீரை நிலத்தின் மேல் அப்படியே நிறுத்தினால் எத்தனை உயரம் நிற்கும் என்ற கணக்கு. நெல்லுக்குப் பாடப்புத்தகத்தில் 120 சென்டிமீட்டர் போட்டிருப்பார்கள், இடுப்புக்கு மேலே வரும் தண்ணீர். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 400 லாரிக்கு மேல் வரும். டெல்டாவின் டெல்டா 120 என்று சொல்லி அந்தத் தம்பியைக் குழப்பிவிட்டேன். இங்கே அது வெறும் குறியீடு, என் மூன்று வழிக் கணக்கு கொஞ்சம் நொண்டும் இடம்.

கணக்குப் புத்தகத்தில்?

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டு டெல்டா இருக்கிறது, ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வதில்லை. வடிவியலில் முக்கோணம் என்று எழுதாமல் அந்தக் குறியைப் போட்டால் அது வடிவம், சந்தேகமே இல்லை. இருபடிச் சமன்பாட்டில் தன்மைக்காட்டிக்கு அதே குறியைப் போட்டால் அது முதலெழுத்து, தன்மைக்காட்டியின் ஆங்கிலப் பெயர் 'டி'யில் தொடங்குகிறது. இயற்பியலில் வெப்பநிலை மாற்றம், வேக மாற்றம் என்று எது மாறினாலும் முன்னால் டெல்டா போடுவதும் முதலெழுத்துதான். வித்தியாசம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'டிஃபரன்ஸ்', கிரேக்கத்தில் 'டியாஃபொரா'. 1755இல் கணித மேதை ஆய்லர் தன் நுண்கணித நூலில் இந்தக் குறியை வித்தியாசத்துக்குப் பயன்படுத்தினார். ஷேர் மார்க்கெட்டில் ஆப்ஷன் வாங்குபவர்கள் சொல்லும் டெல்டாவும் இந்தக் குடும்பம், பங்கின் விலை ஒரு ரூபாய் மாறினால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்பது.

மேல் வகுப்பில் தலைகீழ் டெல்டா ஒன்று வரும். அதன் பெயர் நாப்லா, பழங்கால யாழ் ஒன்றின் பெயர். குறியைப் பார்த்தால் யாழ் போல இருந்ததாம். நானும் உற்றுப் பார்த்தேன், எனக்கு இட்லிப் பானைக்குக் கீழே வைக்கும் முக்காலி மாதிரிதான் இருந்தது.

கொரோனா டெல்டா நம்ம டெல்டாவில் இருந்து வந்ததா?

2021இல் ஒருவர் உண்மையாகவே கவலையோடு கேட்டார், கும்பகோணத்தில் பெண் கொடுத்திருக்கிறார். இல்லை. இது வரிசை. உருமாறிய வைரஸ்களை முதலில் கண்டுபிடித்த நாட்டின் பெயரால் அழைத்ததில் மனத்தாங்கல் வந்தது, அதனால் 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துப் பெயர்களை அறிவித்தது. பிரிட்டனில் முதலில் தெரிந்தது ஆல்ஃபா, தென்னாப்பிரிக்காவில் பீட்டா, பிரேசிலில் காமா, இந்தியாவில் தெரிந்தது நான்காவதாக வந்ததால் டெல்டா. வேறு காரணம் எதுவும் இல்லை, ஆனாலும் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு நடுக்கம் ஏறிவிட்டது.

வானத்திலும் டெல்டா உண்டாமே?

உண்டு. 1603இல் யோகான் பேயர் என்ற ஜெர்மானியர் நட்சத்திரப் படத்தொகுப்பு வெளியிட்டபோது ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள நட்சத்திரங்களுக்குக் கிரேக்க எழுத்துக்களை வைத்தார். டிசம்பர் முதல் வாரத்தில் ராத்திரி ஏழு மணி வாக்கில், மேகம் இல்லாவிட்டால் (அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அது பெரிய 'இல்லாவிட்டால்'), சில்வர் பீச்சில் கிழக்கே பார்த்து உட்காருங்கள். ஓரியன் என்ற வேடன் கூட்டத்தின் இடைவாரில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் கடலுக்கு மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். முதலில் ஏறுவது மின்டாகா, அதுதான் ஓரியன் கூட்டத்தின் டெல்டா.

டெல்டா ஏர்லைன்ஸ், டெல்டாய்ட் தசை, "டி ஃபார் டெல்டா"?

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோள்பட்டைத் தசை: முக்கோணம், வடிவம். விமானம், கப்பல் வயர்லெஸ்ஸில் "டெல்டா" என்பது 'டி' எழுத்துக்கான சொல், 1956இலிருந்து உலகம் முழுக்க ஒரே மாதிரி. நம்மூரில் கஸ்டமர் கேரில் பேசும்போது "டி ஃபார் டெல்லி"தான், அதுவும் வேலை செய்கிறது. விமான நிறுவனம் 1920களில் அமெரிக்காவில் பருத்திக் காட்டுக்கு விமானத்தில் மருந்து தூவும் தொழிலாக ஆரம்பித்தது, பெயர் மிசிசிப்பி டெல்டா பகுதியை வைத்து வந்தது. அந்த மிசிசிப்பி டெல்டா ஆறு கடலில் சேரும் டெல்டாவே இல்லை, அது உள்நாட்டில் மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் உள்ள வண்டல் சமவெளி. நம்மூரில் எங்கே டெல்டா முடிகிறது என்று சண்டை போடுகிறவர்கள் இதைக் கேட்டால் ஆறுதல் அடைவார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவர் 'டெல்டாப்ளான்' என்ற சொல்லைச் சொன்னார். மனிதர் தொங்கிக்கொண்டு பறக்கும் முக்கோணச் சிறகுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். வடிவம்.

தமிழில் என்ன சொல்வது?

கழிமுகம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பிச்சாவரத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு இடையில் சுரபுன்னைக்கு நடுவே படகில் போகிறோமே, அது கழி, அது முகம். அங்கிருந்து மேற்கே கல்லணை வரைக்கும் உள்ள நெல் வயல் எல்லாவற்றையும் கழிமுகம் என்றால் வாய்க்கு ஒட்டவில்லை. காவிரிப் படுகை பரவாயில்லை. நாற்று நடுகிறவர்களே டெல்டா என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, டெல்டா என்பதா, தெல்தா என்பதா?

தமிழில் டெல்டாதான், ஆங்கிலக்காரர் சொன்னதைக் கேட்டு நாம் 'ட' போட்டோம். பழைய கிரேக்கர்களின் உச்சரிப்பு நம் 'த' வரிசைக்குப் பக்கம், 'பந்து' என்பதில் வரும் 'து' போல நாக்கு பல்லைத் தொடும்.

இதற்கு உள்ளூர் சாட்சியே இருக்கிறது. சுமார் 2,000 வருஷத்துக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டில், இந்தியாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஒன்றாகப் 'பொதுகே' வருகிறது. அது புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து, 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்த இடம். அந்தப் பெயரைக் கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டினால்: பை, ஒமிக்ரான், டெல்டா, ஒமிக்ரான், உப்சிலான், கப்பா, ஈட்டா. மூன்றாவதாக நிற்கிறது பாருங்கள். நம் கரையில் கேட்ட ஒரு 'து'வை எழுத அந்த மாலுமிக்குக் கைக்குக் கிடைத்த எழுத்து டெல்டா.